மூத்தவளைக் கேட்கவில்லை

“கதவச் சாத்திட்டுத் தாளின்னு எத்தன தடவ சொல்றது? புகை உள்ள வந்தா அவளுக்கு இழுத்துக்கும்ல!”

கூடத்திலிருந்து மாமியார் அதட்டியபோது, மூத்த மருமகள் அடுப்படிக் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தாள். கண் எரிய எரிய, கடுகு வெடித்து அடங்கும்வரை நின்றாள். புகை வெளியே போகக்கூடாது, அவ்வளவுதானே! சமைக்கிறவள் நெஞ்சுக்குள் போனால் யாருக்கென்ன?

இளைய மருமகளுக்கு இந்த வீட்டில் ‘குருவி’ என்று பெயர். ஒல்லி உடம்பு. மூச்சு விட்டாலே கீச்கீச்சென்று சத்தம். கல்யாணமான புதிதில் மழைக்காலத்தில் மட்டும் எட்டிப் பார்த்த ஆஸ்துமா, இப்போது வீட்டோடு தங்கிவிட்டது. குருவிக்காக மூத்தவளின் காற்றோட்டமான மாடி அறை போயிற்று. அவள் மடியில் வளர்ந்த பூனை போயிற்று. துணித்தூசு ஆகாது என்று தையல் மெஷின் பின்கட்டுக்குப் போயிற்று. எதற்கும் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. “நீதான் புரிஞ்சுக்கிறவளாச்சே” என்று சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் அவள் எப்படி வாய் திறப்பது?

அவள் புருஷன் மரப்பட்டறை வைத்திருந்தார். மரத்தூள் படிந்த சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தால், முதல் கேள்வியே “குருவிக்கு எப்படி இருக்கு?” என்பதுதான். இவள் ஜுரத்தில் சுருண்டு கிடந்த வாரம், “சமையல் ஆச்சா?” என்று கேட்ட மனுஷன் அவர். அவளுக்கு வயிறு எரியும். அதற்குப் பெயர் பொறாமை என்று தெரியும். சீக்காளியைப் பார்த்தா பொறாமைப்படுகிறோம் என்று வெட்கமாகவும் இருக்கும். ஆனாலும் எரிச்சல் அடங்காது.

அன்று காலை அவள் தேநீரோடு கூடத்துக்கு வந்தபோது பேச்சு பாதி முடிந்திருந்தது. கொழுந்தன் நெஞ்சு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“மூணு வழி இருக்காம்மா. இப்பச் சாப்பிடற மாத்திரையே தொடரலாம், செலவு கம்மி. ஆனா முகம் வீங்குது, போகப் போக எலும்பு தேயுமாம். இல்லன்னா குழாய் விட்டு மூச்சுக்குழாய்க்குச் சூடு வைக்கற வைத்தியம். பெரிய செலவு, பலன் இருக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேங்கறாங்க. மூணாவது, மாசாமாசம் ஊசி. ரத்தம் பாத்ததுல இவளுக்குப் பொருந்தும்னுதான் சொல்றார். ஆனா வருஷக்கணக்கா போடணுமாம்... அந்த விலைக்கு நான் எங்க போவேன்?”

“அதான் மனையை வித்துடலாம்னு உங்க அண்ணன் சொல்லிட்டானே! அப்புறம் என்ன?” என்றாள் மாமியார்.

அவள் தேநீர்த் தட்டை அப்படியே கீழே வைத்தாள். எந்த மனை? ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்து, கண் மங்க மங்க அவள் சேர்த்த பணமும் கலந்து வாங்கிய மனை! என்றாவது ஒருநாள் தனக்கென்று ஒரு அடுப்படி, அதற்கொரு ஜன்னல் என்று மனசுக்குள்ளேயே அவள் வீடு கட்டி வைத்திருந்த மனை!

“என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று மூலையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

“இதுல கேக்க என்ன இருக்கு? உயிர் போற விஷயம்...”

“அவ உயிருதான் உயிரா! நான் மட்டும் என்ன, இந்த வீட்டு அம்மிக்கல்லா? ரூம் அவளுக்கு, கவலை அவளுக்கு, புருஷங்காரன் விசாரிக்கறதுகூட அவளைத்தான்! எனக்கும் ஒரு சீக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்குமே! அப்பவாவது என் மூஞ்சிய ஏறிட்டுப் பாத்திருப்பீங்க...”

சொன்ன பிறகுதான் மாடிப்படியைப் பார்த்தாள். கைப்பிடியைப் பற்றியபடி குருவி நின்றிருந்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று மேலே ஏறிப் போனாள்.

மத்தியானம் மாடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. முதலில் ஓடியவள் மூத்தவள்தான். குருவி தரையில் கையூன்றி, வாய் திறந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூத்தவள் அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, மேஜையிலிருந்த இன்ஹேலர் மருந்துக் குழாயை வாயில் வைத்து அழுத்தினாள். வெறும் காற்று! மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை.

“மாத்துக் குழாய் எங்க? அலமாரில இருக்குமே!” என்று கொழுந்தன் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் தேடினான். கிடைக்கவில்லை.

மாமியார் அறை வாசற்படியிலேயே நின்று மூத்தவளை வெறித்தாள். “காலைல அந்தப் பேச்சுப் பேசினியே... நீதான் எடுத்து ஒளிச்சியா? அடிப்பாவி! பொறாமை இந்த அளவுக்கா போகும்?”

மூத்தவள், பின்னாலேயே ஏறி வந்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவர் இல்லையென்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. குருவியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஆட்டோவில் வழி நெடுக, “என்னைப் பாருடி... மெதுவா விடு... இதோ வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே போனாள். உள்ளுக்குள் வேறொரு குரல் அறுத்தது. ஒளிக்கவில்லை, சரி. ஆனால் இவள் இல்லாத வீட்டை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லையா நீ?

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக மருந்தும் பிராணவாயுவும் ஏறியபின் குருவியின் நெஞ்சு கொஞ்சம் தணிந்தது. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மூத்தவள் மட்டும் கதவோரம். கிளம்பி எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

குருவி முகமூடியை விலக்கினாள்.

“அத்தை... அக்கா எதுவும் எடுக்கல. குழாய் தீந்து போய் ரொம்ப நாளாச்சு. மாத்துக் குழாய் வாங்கவே இல்ல. கேட்டா இருக்குன்னு பொய் சொன்னேன்... என்னால இன்னும் எத்தன செலவு?”

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா, கிட்ட வாங்களேன்... நீங்க பக்கெட் தண்ணியத் தூக்கிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கிட்டே மாடி ஏறுவீங்களே... அதப் பாத்துப் பாத்து நான் எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா? சில நாள் உங்களத் திட்டியிருக்கேன். மனசுக்குள்ளதான்.”

மூத்தவள் கட்டிலருகே வந்தாள். ஒருத்தி மூச்சுக்கு ஏங்க, இன்னொருத்தி ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்க, இத்தனை நாள் ஒரே கூரையின் கீழ் இருவருமா வெந்துகொண்டிருந்தார்கள்!

மாமியார் அவள் கையைப் பிடித்தாள். “என் நாக்குல புழு விழ...”

“வேணாம் அத்தை. பொறாமை இருந்தது நிஜம். அதுக்காகக் கொலைகாரின்னு சொல்லிட்டீங்களே...”

கொஞ்ச நேரம் கழித்து அவள் புருஷன் அருகில் வந்து நின்றார். பட்டறையில் பத்துப் பேரை அதட்டும் குரல் தயங்கியது.

“மனை விஷயம்... அதுல பாதி உன் உழைப்பு. உன்னைக் கேக்காம நான் பேசினது தப்பு. இப்பக் கேக்கறேன். நீ என்ன சொல்ற? வேணாம்னா வேணாம். வேற வழி பாக்கலாம்.”

இத்தனை வருஷத்தில் முதல்முறை! அந்த ஒரு கேள்விக்காகவா மனசு இவ்வளவு காலம் கிடந்து தவித்தது? குருவியைப் பார்க்க வந்திருந்த நெஞ்சு டாக்டரிடம் அவள் திரும்பினாள்.

“அந்த ஊசி கேக்குதா இல்லையான்னு எப்பத் தெரியும்?”

“சில மாசம் போட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும்மா. மாத்திரையைக் குறைக்க முடியுதா, இழுப்பு குறையுதான்னு பார்ப்போம். பலன் இல்லன்னா நிறுத்திடலாம்.”

“அப்ப ஊசியே போடுங்க. நாங்க மனையை விக்கறோம்.” கொழுந்தனிடம் திரும்பினாள். “சும்மா இல்லப்பா. வீட்டுக்குப் போனதும் என் அடுப்படிச் சுவத்த இடிச்சு ஒரு ஜன்னல் வைக்கற. உங்க அண்ணன்தான் மரம் இழைக்கணும்.”

“இன்னிக்கே அளவெடுக்கறேன் அண்ணி!” அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான்.

குருவியின் கண்கள் நிரம்பின. விம்மல் கிளம்பி நெஞ்சு ஏறி இறங்க, அடியில் மறுபடி அந்தக் கீச்சுச் சத்தம். மூத்தவள் பாய்ந்து போய் முகமூடியைச் சரியாகப் பொருத்தி, அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஏய், அழாதடி! இழுத்துக்கப் போகுது... ரெண்டு பேருக்கும் சேத்து நான் அழுதுக்கறேன். நீ மூச்ச விடு.”