கடைசி ஆளின் மணி

காது சோதிப்பதுதான் என் தொழில். ஆஸ்பத்திரியில் சின்னதாக ஒரு கண்ணாடி அறை. ஆளை உள்ளே உட்காரவைத்து, எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பேன். அதனால் என் காதின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்க்க விடாமல் செய்தது அந்தக் கர்வம்தான்.

இலையுதிர் காலத்தின் ஒரு ஞாயிறு. முதல் படகில் நான்கு பேர் சைக்கிளோடு தீவில் இறங்கினோம். என் கணவர் பஸ் டிரைவர். தனக்கு முன்னால் யார் போனாலும் அவருக்குப் பொறுக்காது. அவருடைய நண்பர் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அவரை நாங்கள் பன் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் உருவத்தில் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை. அப்புறம் நானும் என் தம்பியும். தம்பிக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் டாக்டர் சைக்கிள் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார். அவன் மனைவிக்கு நிறைமாதம். கிளம்பும்போது வாசலில் நின்று, "அண்ணி, உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள்.

மெதுவாக வருகிறேன் என்று தம்பி வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான். என் கணவர் பஸ்ஸின் சட்டத்தையே சைக்கிளுக்கும் போட்டிருந்தார். வளைவு வந்தால் கடைசி ஆள் இரண்டு முறை மணியடிக்க வேண்டும்: எல்லாரும் இருக்கிறோம், போகலாம். முதல் ஆள் ஒரு முறை அடிப்பார்: கேட்டது, வா. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சாக்கடையில் விழுந்ததிலிருந்து வந்த சட்டம் அது.

தம்பியின் மணி விரிசல் விட்டிருந்தது. தகர டப்பாவைக் கரண்டியால் தட்டினது போல் சத்தம் வரும். எத்தனை மணிக்கு நடுவிலும் எனக்கு அது தெரியும்.

தீவின் நடுவே, மரங்கள் நெருங்கி நின்ற ஒரு வளைவில் வெள்ளைச் சைக்கிள் ஒன்றைப் பார்த்தோம். டயர், சீட், பெடல் எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ட். சைக்கிளில் போனவர் யாராவது சாலையில் செத்தால், அந்த இடத்தில் இப்படி ஒன்றை நிறுத்திவைப்பார்கள். கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. மணி மட்டும் பெயின்ட் படாமல் பளபளவென்று இருந்தது.

"என்னோடதைவிட நல்லா இருக்கு" என்றான் தம்பி.

"கைய வச்சே, தொலைச்சுடுவேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஏறி மிதித்தான். மறுகோடியில் இருந்த கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாளெல்லாம் அவன் முகத்தில் நல்ல ரத்த ஓட்டம் இருந்தது. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

திரும்பும்போது கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. நனைந்த இலைகள் அழுகும் வாடை. வெள்ளைச் சைக்கிள் இருந்த வளைவில் தண்ணீர் குடிக்க நின்றோம். அங்கே இன்னொரு வாடையும் அடித்தது. புதுப் பெயின்ட்.

"நீங்க போங்கக்கா, ஷூ கயித்தைக் கட்டிட்டு வந்துடுறேன்" என்றான் தம்பி.

மெதுவாக நகர்ந்தோம். அடுத்த வளைவில் பின்னாலிருந்து விரிசல் மணி இரண்டு முறை கேட்டது. வந்துவிட்டான். முன்னால் என் கணவர் ஒரு முறை அடித்தார். அதற்கடுத்த வளைவிலும் கேட்டது. காடு முடியும்வரை ஒரு வளைவு தவறவில்லை. பெயின்ட் வாடையும் கூடவே வந்தது.

படகுத்துறையில் இறங்கித் திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

வெறும் பனி. போனில் சிக்னல் இல்லை. கடைசிப் படகைப் பிடித்து நிறுத்தச் சொல்லி பன்னை அங்கேயே விட்டுவிட்டு, நானும் கணவரும் வந்த வழியே பறந்தோம். அவன் மனைவி வாசலில் நின்றதுதான் வழி முழுக்க என் கண்ணில் நின்றது.

தம்பி அதே வளைவில் தரையில் உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ், உதடு நீலம்.

"செயின் கழண்டுடுச்சுக்கா. மணி அடிச்சேன், அடிச்சிட்டே இருந்தேன். உனக்குக் கேக்கலையா?"

அவன் ஹேண்டிலைப் பார்த்தேன். பளபளவென்று ஒரு மணி.

"உன் மணி எங்கடா?"

"அதுல மாட்டிட்டேன்" என்று முணுமுணுத்தான். "சும்மா எடுத்தா தப்புன்னு, மாத்தி வச்சேன்."

"எதுல?"

கம்பத்தைக் காட்டினான்.

கம்பத்தில் சங்கிலி இருந்தது. பூட்டு பூட்டினபடியே இருந்தது.

சைக்கிள் இல்லை.

"செயினை மாட்டக் குனிஞ்சேன்க்கா. நிமிர்ந்து பார்த்தா இல்ல."

என் கணவர் அந்த மணியைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்தார். "உன்னோடதை வச்சுட்டோம்" என்று பனியைப் பார்த்துச் சொன்னார். பஸ்ஸில் குடித்துவிட்டு ஏறுபவனிடம்கூடக் குரல் தாழ்த்தாதவர் அவர். அன்றைக்கு அந்தக் குரல் கெஞ்சியது.

செயினை மாட்டி, தம்பியை நடுவில் விட்டுக் கிளம்பினோம். இப்போது கடைசி ஆள் நான். முதல் வளைவில் இரண்டு முறை அடித்தேன். முன்னாலிருந்து ஒரு மணி பதிலுக்கு வந்தது. மூச்சு விட்டேன்.

எனக்குப் பின்னால் இரண்டு முறை கேட்டது.

தகர டப்பாவைக் கரண்டியால் தட்டின சத்தம்.

"அக்கா" என்றான் தம்பி, திரும்பாமல். "அது என் மணி."

அடிக்காதீங்க என்று கத்த வாயெடுத்தேன். என் கணவருக்கு அது கை பழகின வேலை. யோசிக்கவே இல்லை. பனிக்குள்ளிருந்து அவருடைய மணி தெளிவாக ஒரு முறை கேட்டது.

கேட்டது, வா.

படகு எங்களுக்காகக் காத்திருந்தது. எங்களை ஏற்றிவிட்ட படகுக்காரர் ஏறும் பலகையை எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து யாருக்கோ வழி விடுவதுபோல் ஒதுங்கினார். அப்புறம்தான் பலகையை இழுத்தார்.

தம்பிக்கு மகள் பிறந்திருக்கிறாள். அவன் சைக்கிளைத் தொடுவதே இல்லை. வீட்டுப் பின்புறக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டான். நேற்றுக் குழந்தையைப் பார்க்கப் போனபோது, என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்தான்.

புதுப் பெயின்ட் வாடை முகத்தில் அடித்தது. மணி இருந்த இடத்திலிருந்து தொடங்கி, ஹேண்டில், முன்சக்கரம், சீட் எல்லாம் வெள்ளை.

"யாருடா அடிச்சது?"

"போன வாரம் ஹேண்டில் மட்டும்தான்க்கா இருந்துச்சு" என்றான். உள்ளே குழந்தை அழுதது. அவன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி சைக்கிளைப் பார்த்தான்.

பின்சக்கரம் மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தது.