திரையில் தாமதம்

மழைக்கு ஒதுங்கி எல்லாரும் அலுவலக வாசலில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, யாரோ உதறிய குடை அவள் முகம் முழுக்கத் தண்ணீரை வாரி அடித்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுதுங்க... குடைக்குத்தான் தெரியல. மன்னிச்சிடுங்க."

சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் அலுவலகத்தில் அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். அம்மா போனதிலிருந்து அந்தப் பெயரைக் கட்டிக் காத்து வருகிறாள். முறைத்துவிட்டு மாடியேறினாள். ஆனாலும் அந்தக் கண்கள்... தூக்கம் கெட்டுச் சிவந்த, பொய் சொல்லத் தெரியாத கண்கள். சே, காலங்கார்த்தாலே இதென்ன நினைப்பு!

மாடியில், அவளுக்கு எதிர் மேசையில் அதே குடை சொட்டிக்கொண்டிருந்தது. வேறு ஊர்க் கிளையிலிருந்து ஒரு வாரத்துக்கு வந்திருக்கிறவனாம். வேலையும் அவள் செய்யும் அதே வேலை. மருத்துவமனையில், அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் பார்க்கிற திரைக்கு மென்பொருள் எழுதுவது.

வாரம் முழுக்க மழை விடவில்லை. அவன் தினமும் ஏதாவது பேச்சுக் கொடுத்தான். அவள் 'ம்' கொட்டினாள். அவன் எழுந்து போனால் மட்டும் எதிர் மேசையைப் பார்த்தாள்...

கடைசி நாள் காலையில் அவன் மாற்றங்கள் நிரலின் பொதுப் பிரதியில் முதலில் ஏறிவிட்டன. அவள் தன்னுடையவற்றைக் கழற்றி, அவனுடையவற்றின் மேல் ஒவ்வொன்றாக மறுபடி அடுக்க வேண்டும். ரீபேஸ் என்பார்கள். எல்லாம் ஒழுங்காக ஏறிக்கொண்டு வந்தன. ஒரே ஒரு வரியில் கணினி நின்றுவிட்டது. கான்ஃப்ளிக்ட்! இரண்டு பேரும் அதே வரியில் கை வைத்திருந்தார்கள்.

அறுவை சிகிச்சை நீண்டுபோனால் பழைய திரையில் 'தாமதம்' என்று பொடி எழுத்தில் வரும். அவன் சொல்லை அப்படியே விட்டு, எழுத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தான். அவள் சொல்லையே மாற்றியிருந்தாள். 'சிகிச்சை தொடர்கிறது. மருத்துவர் நேரில் வந்து உங்களிடம் பேசுவார்.'

தாமதம்... அதுவும் இத்தனை பெரிதாக! எதை வைத்துக்கொள்ள என்று கணினி கேட்டது. 'நம்முடையது' என்பதை ஆத்திரத்தோடு தட்டி, சரிபார்க்காமலே மேலே அனுப்பினாள்.

மதியம் மருத்துவமனைக்காரர்கள் முன்னால் திரை ஒளிர்ந்தது. நடுவில், யானை அளவுக்குத் 'தாமதம்'. அவள் வரி இருந்த இடமே தெரியவில்லை.

"உன் வரி எங்கம்மா?" என்றார் டீம் லீட்.

"இவரைக் கேளுங்க சார். என் வரிய அழிச்சிட்டு அவரோடத வச்சிருக்கார்!"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு தன் கணினியில், அவள் முதலில் எழுதியிருந்த வரியைத் தேடிப் படித்தான்.

"என் தப்புதான் சார்" என்றான்.

எல்லார் எதிரிலும் வாங்கிக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான்.

அவள் ரீபேஸை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே வரியில் நின்றது. அதே 'நம்முடையது'. தட்டினாள். இந்தத் தடவை பார்த்தாள்... வந்து நின்றது அவனுடைய 'தாமதம்'.

அவளுக்குக் காது சுட்டது. ரீபேஸில், அடியில் ஏற்கெனவே கிடப்பதுதான் கணினிக்கு 'நம்முடையது'. மேலே ஏற வருவது, அதை எழுதியவளே உட்கார்ந்து தட்டினாலும், 'அவர்களுடையது'. தெரியாத விஷயமா? கோபம் கண்ணை மறைத்துவிட்டது. தன் வரியைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

போய் மன்னிப்புக் கேட்பதா... உம்மணாமூஞ்சியா? போகாவிட்டால்? அவன் போய்விடுவான். அவ்வளவுதான். படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

வாசலில் காருக்காக நின்றுகொண்டிருந்தான்.

"அழிச்சது நான்தான்னு ஏன் சொல்லல?"

"உங்க வரியப் படிச்சேங்க... அப்படி உட்கார்ந்து காத்திருந்தவங்கதான் அதை எழுத முடியும். அவங்களோட போய் என்ன சண்டை?" தயங்கினான். "யாருக்காகக் காத்திருந்தீங்க?"

"அம்மாவுக்கு." மழையைப் பார்த்தபடி சொன்னாள். "பொழுது சாயற வரைக்கும் 'தாமதம்'னு மட்டும்தான் வந்துச்சு. அப்புறம்... அம்மா வரல."

சாரல் படாமல் அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான்.

"நீங்க ஏன் எழுத்த அவ்வளவு பெருசாக்கினீங்க?" என்று கேட்டாள்.

"அப்படி அவசரமா ஓடி வர்றவங்க கண்ணாடிய வீட்லயே விட்டுட்டு வந்துடறாங்க. எங்க அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தப்ப அண்ணி திரை மேலயே முகத்த வச்சுத் தேடினாங்க."

அன்றைக்கு அப்பாவும் கண்ணாடியில்லாமல்தான் ஓடி வந்தார். "என்ன போட்டிருக்கு கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லை அவள்தான் வாய்விட்டுப் படித்தாள்.

"ரெண்டும் வேணும்" என்றாள். "சொல் என்னோடது, எழுத்து உங்களோடது. அப்பாவே படிச்சுக்கற மாதிரி."

"ஒரே வரியில அடங்காதே."

"ரெண்டு வரியா மடிச்சுப் போட்டுக்கறேன்."

கார் வந்து நின்றது. அவன் குடையை அவள் கையில் கொடுத்தான். வேறு யாரிடமும் இப்படிப் பேசியதில்லை அவள். வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு முறைச்சவளேதான் சொல்றேன்... முதல் நாள்லேருந்தே. எப்ப வருவீங்க?"

அந்தச் சிவந்த கண்கள் நனைந்தன. மழையென்று சொல்ல வழியில்லை. கூரைக்குக் கீழேதான் நின்றான்.

"கொஞ்சம் தாம..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்தினான்.

"வேற மாதிரி சொல்றேங்க" என்றான். "நேர்ல வந்து உங்ககிட்ட பேசுவேன்."