ஆஸ்டினுக்குப் போகும் கவர்

மழை திடீரென்று வலுத்ததும் அனகா ஓடினாள்.

நெய்யாற்றின்கரை தபால் ஆபீஸ் படியில் அவள் கால் வைக்கவும், முன்னால் ஏறிய ஒருவன் குடையை மடக்கி ஓர் உதறு உதறவும் சரியாக இருந்தது. அத்தனை தண்ணீரும் அவள் நெஞ்சோடு அணைத்திருந்த கவரின் மேல்...

"எலே, கண்ணு தெரியாதா?"

அவன் திரும்பினான். நனைந்த இமைகள்... அதற்குள்ளே சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இரண்டு கண்கள்.

"தெரியும். முதுகுலதான் கண்ணு இல்ல" என்றான்.

கவரில் எழுதியிருந்த விலாசம் நீல நீலமாய்க் கரைந்து ஓடியது. அனகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயோ... அழாதீங்க. தாங்க, நான் வேற கவர்ல எழுதித் தாறேன்."

கவுண்டரில் புதுக் கவர் வாங்கி அவனே எழுத உட்கார்ந்தான். உள்ளேயிருந்த தாள் நல்லவேளை நனையவில்லை. அனுப்புநர் விலாசம், போன் நம்பர், பெறுநர் என்று அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவன் பேனா சட்டென்று நின்றது.

"ஆஸ்டின், டெக்ஸாஸா? அமெரிக்க வரி ஆபீசுக்கா? நீங்களும் அங்கயா படிக்கீங்க?"

அவளுக்கு ஒஹாயோ, படிப்பு மட்டும்தான், வேலை எதுவும் பார்க்கவில்லை என்றாள்; அவனுக்குக் கான்ஸஸ். போன ஆகஸ்டில் போய், இப்போது லீவுக்கு வந்தவர்கள். அவள் வீடு பாறசாலையில், அவன் வீடு பெருங்கடவிளையில். பெயர் ஜிஜின். மஸ்கட்டிலிருக்கும் அக்காவுக்கு எண்ணெய்ப் பார்சல் அனுப்ப வந்திருந்தான்.

"வேலையும் பாக்கல, சம்பளமும் இல்லங்கீங்க. பின்னே என்ன வரி?"

"சம்பளம் இல்லன்னாலும் ஸ்டூடண்ட் விசாவுல இருக்கவங்க இந்தத் தாள அனுப்பணும். ஜூன் பதினஞ்சுக்குள்ள."

"எனக்கு அந்தத் தலவேதனையே இல்ல. நான் காலேஜ் கேன்டீன்ல வேலை பாத்தேன். பிப்ரவரியிலயே போன்ல தட்டி முடிச்சாச்சு. பிடிச்ச வரிக்கு மேலயே பைசாவும் கிட்டிச்சு!"

அனகாவின் புருவம் சுருங்கியது. யூனிவர்சிட்டி நடத்திய வரி வகுப்புகளில் மற்ற மாணவர்களுக்கு உதவியாக உட்கார்ந்தவள் அவள். இதே சந்தோஷத்தோடு வந்த எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறாள்.

"போன் ஆப்புலயா போட்டீங்க? அது அங்கயே குடியிருக்கவங்களுக்கு உள்ளதாக்கும். நமக்கு முதல் அஞ்சு வருஷம் வேற ஃபாரம். மேல கிட்டின அந்தப் பைசா அவங்களுக்குள்ள சலுகை, நமக்குக் கிடையாது. நீங்க போட்டது தப்பு."

சிரித்த கண்கள் அணைந்தன.

"எனக்க சீனியர்ஸ் எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க. அவங்க எல்லாரும் முட்டாளா? பாத்து பத்து நிமிஷம் ஆகல, என்னைக் கள்ளன்னு சொல்லுதீங்க!"

"நான் கள்ளன்னு சொல்லல..."

கேட்க அவன் அங்கே இல்லை. பார்சலைத் தூக்கிக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

'போனா போகட்டும்...' என்று நினைத்துக்கொண்டு, மிச்ச விலாசத்தைத் தானே எழுதிக் கவரைத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஆனால் பாறசாலை வரும்வரை ஜன்னல் கண்ணாடியில் வழிந்த மழை முழுக்க அந்தக் கண்கள்தான். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ? ஆனால் சொன்னது உண்மை. உண்மையை மாற்றிச் சொல்ல அவளால் முடியாது...

நாட்கள் போயின. ஒரு மத்தியானம் போனில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி.

'பாறசாலை ஸ்டேஷன்ல நிக்கேன். குடைக்காரன். ஒரு அஞ்சு நிமிஷம் வருவீங்களா?'

போகக்கூடாது என்று முடிவெடுத்தாள். எடுத்த முடிவோடு தலையை வாரினாள், பொட்டைச் சரிசெய்தாள், போனாள்.

பிளாட்பாரத்துப் பெஞ்சிலிருந்து ஜிஜின் எழுந்து நின்றான்.

"கவர்ல எழுதின நம்பர களவெடுத்தீங்களா?"

"களவு இல்ல... மனப்பாடம்" என்றவன் தலை குனிந்தான். "கான்ஸஸ்ல காலேஜ் ஆபீசுக்கு மெயில் அனுப்பிக் கேட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன். மன்னிக்கணும்."

தூறல் தகரக் கூரையில் மெல்லத் தாளம் போட்டது. இவ்வளவு நேராக ஒருவன் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"திருத்தணும். கிட்டினத திருப்பிக் கொடுக்கணும். நீங்க எழுதித் தருவீங்களான்னு..."

"மாட்டேன்."

அவன் நிமிர்ந்தான்.

"நீங்களேதான் எழுதணும். நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள்.

மறுநாள் தனுவச்சபுரத்தில் காலேஜுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். திருத்தும் ஃபாரத்தை அங்கேயே பிரிண்ட் எடுத்தார்கள். ஒவ்வொரு கட்டமாக அவன் நிரப்ப, அவள் விரல் வைத்துக் காட்டுவாள். விரல்கள் உரசும்போதெல்லாம் இருவருக்கும் அவசரமாக இருமல் வரும்...

"அதிகமா முறைக்காதீங்க. எழுத்து கோணுது."

"தப்பா எழுதினா முறைப்பேனாக்கும்."

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மழைக்கோட்டோடு இறங்கியவர் நேராக உள்ளே வந்தார். ஜிஜினின் அப்பா சதானந்தன்.

"மக்கா, நீதானா இவன் வீட்டுல சொன்ன பிள்ள?" அனகாவைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது. "இவன் கூடப் படிக்கியவன் எல்லாம் வாய் திறக்காம, மிண்டாம இருக்கான். அமெரிக்காக்காரன் கேக்கவும் இல்ல. நாமளே போய், தப்பு செஞ்சேன்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கு விசாவ ரத்து பண்ணிப் போடமாட்டானா? எனக்க மவனுக்க படிப்பு பாழாப் போனா நீ வந்து நிப்பியா?"

அனகா பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் ஜிஜின் எழுந்துவிட்டான்.

"அப்பா, அவளக் கேக்காதீங்க. இது அவ சொன்னதுக்காகச் செய்யல. எல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்ணி அடியில கையெழுத்துப் போட்டிருக்கேன். அது எனக்க பேராக்கும். தெரியாம செஞ்ச வரைக்கும் அது தப்பு. தெரிஞ்ச பிறகும் மிண்டாம இருந்தா..."

முடிக்கவில்லை. சதானந்தன் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு அவனே கண்டுபிடிச்சா?" என்று கடைசியில் கேட்டார்.

"அதுதான் பயப்பட வேண்டிய விஷயம், மாமா" என்றாள் அனகா மெல்ல. "நாமளா திருத்தினா, தப்ப சரிசெஞ்ச ஆளு. அவன் பிடிச்சா, மறைச்ச ஆளு."

சதானந்தன் மேசையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"பின்னே ஒழுங்கா எழுது. அடிச்சுத் திருத்தி வைக்காத" என்று மகனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். கிளம்பும்போது அனகாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

'மாமா'ன்னா கூப்பிட்டேன்...? அனகாவின் காது சிவந்தது. ஜிஜின் குனிந்து எழுதினான். ஆனால் சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை அவனுக்கு.

அன்றைக்கே நெய்யாற்றின்கரையில் தபாலை அனுப்பிவிட்டு இருவரும் ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்தார்கள். கீழே நெய்யாறு செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது.

"ஆகஸ்ட்ல நீ ஒஹாயோவுக்குப் போவ. நான் கான்ஸஸுக்கு" என்றான் ஜிஜின். எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை. "இனி எனக்கு உன்னக் கூப்பிட ஒரு காரணமும் இல்ல, இல்லியா?"

அனகா நின்றாள். மற்றவர்களிடம் தைரியமாக உண்மையைச் சொல்லச் சொல்பவள், தன்னுடையதை மட்டும் ஒளித்து வைக்கலாமா?

"ஜிஜின்... காரணம் உண்டு. எனக்கு உன்ன இஷ்டமாக்கும்."

ஆற்றின் இரைச்சலையும் மீறி அவனுக்குக் கேட்டது. இமைக்காமல் அவளையே பார்த்தான்.

"ரெண்டு நாளா இதச் சொல்ல எப்படி எப்படியோ பழகிட்டு வந்தேன்... முந்திட்டியே!"

"பழகினது வீணாப் போக வேண்டாம். இப்பச் சொல்லு."

அவன் சொன்னான்.