ஆறிய காபி, எரியும் நாக்கு

"ஐயோ... எரியுதே! வாயெல்லாம் எரியுதே!"

நாபெல் நகரத்து மருத்துவமனையே அதிர்ந்தது!

அலறியவன் லஸாத். ஹரீஸா வியாபாரி. பால்குடி மறந்த நாளிலிருந்து அந்த மிளகாய் விழுதை ரொட்டியில் தடவித் தின்றவன். அவன் நாக்கே எரிகிறதென்றால்...

டாக்டர் ராவ்தா விளக்கடித்துப் பார்த்தாள்.

"புண்ணு இல்ல. வீக்கம் இல்ல. கடைசியா என்ன குடிச்சீங்க?"

"கா... காபி."

பத்து நிமிடம் முன்பு இரண்டு கோப்பை காபி ஊற்றினான். ஒன்றில் எலி விஷம்! அதைத் தங்கை புருஷன் ரிதாவிடம் நீட்டிவிட்டு, மற்றதைக் குடித்தான். தெருவில் இறங்கியதுமே வாயில் தீ!

கோப்பை மாறிவிட்டது!

"டாக்டரம்மா, மாத்து மருந்து குடுங்க! காபியில எலி விஷம்!"

"யாரு போட்டது?"

"...நான்தான்!"

டாக்டர் நிமிர்ந்தாள்.

"எலி விஷம் இப்படி எரியாது. இந்த எரிச்சல் முன்னாடியே உண்டா?"

"மூணு வாரமா. சாயங்காலமானா அதிகம். ஆனா இன்னைக்கு மாதிரி எரிஞ்சதில்ல."

"மூணு வாரம் முன்னாடி என்ன நடந்துச்சு?"

லஸாத் தரையைப் பார்த்தான்.

"விழுதுல சிவப்புச் சாயம் கலந்தேன்... அதுவும் ரமழான்ல! மச்சான் கண்டுபிடிச்சுட்டான். இன்னைக்குப் புகார் பண்ணுவேன்னான்..."

"தூக்கம்?"

"போச்சு."

"வாய் வறளுதா?"

"பாலைவனம்!"

"நாக்குல ஒண்ணுமில்ல. நரம்பு பொய்ச் சேதி அனுப்புது. காரணம் தெரிய ரத்தம் பார்க்கணும். பயம் அதை ஊதிப் பெருசாக்கும். நீங்க விஷம் குடிக்கல."

நிம்மதி... அரை நொடிதான்!

அப்படியானால் ரிதா?!

போன் போட்டான்.

"சொல்லு மச்சான்!"

உயிரோடு இருக்கிறான்!

"கா... காபி குடிச்சியா?"

"ரமழான் முடிஞ்சு வைக்கிற ஷவ்வால் நோன்புடா எனக்கு. மூணு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் நீ என்னைப் பார்த்துச் சிரிச்சே. வேணாம்னு சொல்ல மனசு வரல. வாங்கி வெச்சேன்."

லஸாத்துக்குக் கண் கலங்கியது.

"கொட்டிடு!"

"எதுக்கு வீணாக்கணும்? உணவு ஆய்வாளர் வந்திருக்கார். ஆறினாலும் பரவாயில்லன்னு கையில எடுத்துட்டார்..."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆய்வாளர் காலி. பழி ரிதாவுக்கு!

ஒரு நொடி...

"தட்டி விடுடா! அதுல விஷம்! உனக்காக நான்தான் கலந்தேன்!"

போனில் கோப்பை நொறுங்கியது. பிறகு ஆய்வாளரின் குரல்.

"கூப்பிடுங்கய்யா போலீஸை!"

லஸாத் நாற்காலியில் சரிந்தான்.

"இப்ப எரியுதா?" என்றாள் டாக்டர்.

நாக்கைச் சுழற்றிப் பார்த்தான்.

"...இல்ல!"

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

"கொஞ்ச நாளைக்குக் காரம் கூடாது. பத்தியம் கஷ்டமா இருக்காது... ஜெயில்ல உப்பே கிடைக்காதாம்!"