கலைமதி போடாத கையெழுத்து

மணமேல்குடிக் கடற்கரையில் சார்லஸின் பிணம் ஒதுங்கிய மறுநாள்...

கீரனூரில் கலைமதியின் போன் அலறியது!

"நான் குன்றாண்டார்கோவில் ஆவுடையப்பன். நம்ம குவாரி எதிர்ப்புக் குழுதாங்க. பழைய லேப்டாப் போச்சு. புதுக் கீ போட்டிருக்கேன். நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"நேர்ல வாங்க."

வைத்ததும் அழுகை முட்டியது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தனிக்கட்டை. குழுவில் அவள் நேரில் பார்த்த ஒரே முகம் சார்லஸ்தான். அதுவும் போய்விட்டது!

குழுவின் செய்திகள் பூட்டுப் போட்டவை. ஆளுக்கொரு டிஜிட்டல் கீ. ஆளை நேரில் பார்த்து, ஆதார் பார்த்து, கீயின் நீள எண்ணை அவர் வாயால் கேட்டு, 'இது இவருடையதுதான்' என்று இன்னொருவர் கையெழுத்திட வேண்டும். அதுவும் வந்தவர் கிளம்பிப் போன பிறகுதான். பக்கத்தில் நின்று யாரும் மிரட்டி வாங்கிவிடக் கூடாதே! சார்லஸ் வைத்த சட்டம். ஒரு தடவைகூட மீறாத மனுஷன்.

முன்பு குவாரியில் நடந்த கொலையைக் கண்ணால் பார்த்த ராக்காயி ஒளிந்திருக்கும் இடமும் அந்தப் பூட்டுக்குள்தான். தப்பான ஆளுக்குப் போட்டால்... ராக்காயி காலி!

சாயங்காலம் ஆள் வந்தான். ஆதார் சரி. எண் சரி.

"காபி குடிக்கிறீங்களா?"

வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மாசக்கணக்காகிவிட்டது. அவள் குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்டது.

"அதெல்லாம் அப்புறங்க. இப்பவே போடுங்க. ராக்காயி இருக்கிற எடம் தெரியணும், சாப்பாடு கொண்டு போகணும்."

"நீங்க கெளம்புனப்புறம்தானே..."

"அட சும்மா இருங்க! என் பழைய கீக்கு சார்லஸ் அண்ணன் என்னையப் பக்கத்துல வெச்சுக்கிட்டேதான் போட்டாரு."

கலைமதி நிமிர்ந்து பார்த்தாள்.

சார்லஸா?... பக்கத்தில் வைத்துக்கொண்டா?

"காபி போட்டுக்கிட்டே போடறேன்" என்று லேப்டாப்போடு அடுப்படிக்குள் போனாள்.

லேப்டாப்பும் டம்ளருமாகத் திரும்பினாள்.

"நெட்டு இழுக்குது. செத்த இருங்க."

பேசினாள். மழை வராததை, மாவு புளித்ததை, பக்கத்து வீட்டுப் பூனையை... நேரத்தைக் கடத்தத்தான். ஆனாலும் பாதிப் பேச்சு ஆசையில் வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வாசலில் நிழலாடியது.

"இந்தாங்க, ராக்காயி இருக்கிற எடத்த அனுப்பிட்டேன். ஒங்க புதுக் கீயில பூட்டியிருக்கு. ஒங்களாலதான் தெறக்க முடியும்."

அவன் தான் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்து ஆவலாகப் பாஸ்வேர்டைத் தட்டினான். திரையில்...

'பின்னாடி திரும்பிப் பாருங்க.'

திரும்பினான்.

சார்லஸ் கேஸை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் பரிமளா!

"ஒன் மெசேஜ் பார்த்ததும் நெஜ ஆவுடையப்பனுக்குப் போன் போட்டேம்மா. மனுஷன் வீட்ல டிவி பார்த்துக்கிட்டு இருக்காரு! இவன் காட்டுன ஆதார் போலி!"

அவன் பையைக் கவிழ்த்தார். சார்லஸின் போன் விழுந்தது!

"இந்த லேப்டாப்பே என்னோடது இல்லீங்க!"

"கீ ஒங்களோடதுதாங்க. தெறந்து காட்டிட்டீங்களே! இப்ப வேணா கையெழுத்துப் போடறேன்" என்றாள் கலைமதி.

விலங்கு விழுந்தது. மூச்சுவிடக்கூட நேரமில்லாமல் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வீடு மறுபடி காலியாகப் போகிறது...

"மேடம்!" வாசல் வரை ஓடினாள். "அந்தக் காபியக் குடிச்சிட்டுப் போகட்டுமே! கொலைகாரனா இருந்தா என்ன... இத்தனை மாசத்துல எனக்குன்னு வந்த ஒரே விருந்தாளி!"