சைலன்ட்டில் ஒரு சாட்சி

ரிங் போனது.

போனது… போனது… போய்க்கொண்டே இருந்தது!

யாரும் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ரிசீவரைத் தொம்மென்று வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி அதே நம்பரை அழுத்தினாள். அது அவளுடைய சொந்த நம்பர்!

"எடுடா பாவி…! திருடன்னா ஒரு திருடன் மாதிரி சுவிட்ச் ஆஃபாவது பண்ணித் தொலைடா!"

போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரின் போன் காணாமல் போயிருக்கிறது. வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். மானம் மட்டும்தான் போகிறது என்றால் அவள் போனைத் தலைமுழுகியிருப்பாள். ஆனால் அந்தப் போனுக்குள் ஒருவனுடைய வாழ்க்கை இருந்தது.

அந்த ஒருவன் லாக்கப் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு டிரைவர். அவன் மேல் கொலைப் பழி.

செத்தது அவனுடைய முதலாளி. ஃபர்னிச்சர் கடைக்காரர். முந்தின நாள் காலை, வீட்டு ஆபீஸ் அறையில், தன் கடை நாற்காலியிலேயே பின்மண்டை பிளந்து கிடந்தார்.

"டிரைவர்தான் மேடம்! அத்தானோட அவன் கன்னாபின்னான்னு சண்டை போட்டான். என் கண்ணால பாத்தேன்!" என்று சொன்னவன், செத்தவருடைய மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

டிரைவரோ ஒரே பாட்டைத்தான் பாடினான்.

"நான் அந்த நேரத்துல பெட்ரோல் பங்க்ல க்யூல நின்னேம்மா… கேமராவைப் பாருங்கம்மா…"

இன்று காலை போய்ப் பார்த்தாள். சத்தியமாக நின்றிருந்தான்! வண்டியில் சாய்ந்து கொட்டாவி விட்டபடி, பக்கத்தில் நாளும் நேரமும் ஓட, திரையில் பளிச்சென்று தெரிந்தான். அதைக் காப்பி எடுத்துத் தரத் தெரிந்த ஆள் லீவு. அவசரத்துக்கு இந்த உத்தியோகத்தில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். தன் போனை நீட்டி அந்தத் திரையையே வீடியோ பிடித்துக்கொண்டாள்.

அந்தப் போன்தான் இப்போது காணோம்!

"பங்க்ல மறுபடி கேட்டீங்களா?" என்றாள்.

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"கேட்டேன் மேடம். பழைய மெஷினாம். பழசை அழிச்சு அழிச்சுத்தான் புதுசை எழுதுமாம். காலையில நீங்க பாத்தது… இப்ப இல்லையாம்."

"வெளங்கிடும்…!"

ஜீப்பைக் குடைந்தாயிற்று. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தாயிற்று. பங்க்கிலிருந்து நேராகச் செத்தவர் வீட்டுக்குத்தான் போயிருந்தார்கள். அங்கேயும் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வீட்டுக்கு அவர்கள் போனதே வேறொரு போனைத் தேடி! செத்தவருடைய போன் நேற்றிலிருந்து சிக்காமல் இருந்தது. ஏட்டு அதைக் கண்டுபிடித்துவிட்டார். கவரில் போட்டு, அரக்கு வைத்து சீல் அடித்து, கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் பீரோவில் பூட்டியும் விட்டார்.

செத்தவர் போன் கிடைத்தது. உயிரோடு இருப்பவள் போன் தொலைந்தது!

லேண்ட்லைன் அலறியது. பாய்ந்து எடுத்தாள்.

மேலதிகாரி!

"என்னம்மா, அந்த டிரைவரை இன்னும் கோர்ட்டுக்கு அனுப்பலையா? சாயங்காலத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்து. ஜெயிலுக்கு அனுப்பு. கேஸை முடி."

"சார்… அவன் கொலை பண்ணலை. அவன் வேற இடத்துல இருந்ததுக்கு வீடியோ இருக்கு."

"அப்படியா? அனுப்பு, பாக்கறேன்."

"அது என் போன்ல இருக்கு சார்… போன் தொலைஞ்சு போச்சு."

மேலதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தியாம்மா?"

டொக்!

இன்ஸ்பெக்டருக்குக் காது வரை சிவந்தது. லாக்கப்பிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அம்மா… வெளியில என் பொண்டாட்டி நிக்கறா. நிறைமாசம்மா. என்னை இன்னிக்கு விட்டுடுவீங்கன்னு காலையில அவகிட்ட சொன்னீங்களே…"

சொன்னது வாஸ்தவம்தான்.

போதாக்குறைக்கு மச்சினன் வேறு வீட்டிலிருந்து அவர்கள் பின்னாலேயே வந்து, வாசல் பெஞ்சில் பசை போட்டதுபோல் உட்கார்ந்திருந்தான். கர்ச்சீப்பால் மூக்கைத் துடைப்பான். உடனே எழுந்து வருவான்.

"எப்ப மேடம் அவனை ஜெயிலுக்கு அனுப்புவீங்க? அக்கா அழுதுகிட்டே இருக்கா…"

"உக்காருய்யா!"

உட்காருவான். மறுபடி எழுவான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"மேடம்… இங்க உக்காந்தே உங்க போன் எங்க இருக்குன்னு மேப்ல பாத்துடலாம்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

"சொல்ல வந்தேன் மேடம். நீங்க கத்திட்டிருந்தீங்க."

"சரி, பாரு! என் மெயில் ஐடியைப் போடு."

"போட்டாச்சு. பாஸ்வேர்டு?"

இன்ஸ்பெக்டர் திருதிருவென்று விழித்தாள். புதுப் போன். பழையது உடைந்து, இது வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தது புருஷன்.

"என் பேரைப் போட்டுப் பாரு."

"தப்பு."

"அவர் பேரு?"

"தப்பு."

"அவங்க அம்மா பேரு! கண்டிப்பா அதுதான்!"

"அதுவும் தப்பு மேடம்… ஆங், இதோ! பாஸ்வேர்டு மறந்துட்டா ஓ.டி.பி. அனுப்பறேங்குது."

"அனுப்பச் சொல்லு!"

"அனுப்பிடுச்சு மேடம்."

"எங்கே?"

"உங்க போனுக்கு."

"எந்தப் போனுக்கு?"

"தொலைஞ்ச… போனுக்கு…"

மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட் சுவரில் மோதி உருண்டது. ஏட்டு அதைப் பொறுக்கி வந்து, எட்டாத தூரத்தில் வைத்தார்.

"வீடியோ தானா எங்கயாவது ஏறியிருக்காதாடி? இன்டர்நெட்டுல சேரும்னு சொல்வாங்களே?"

"வைஃபை கிடைச்சாத்தான் ஏறணும்னு சார் செட்டிங் வெச்சிருந்தா ஏறியிருக்காது மேடம்."

"வெச்சிருப்பாரு! காசு மிச்சம் பண்றேன்னு கட்டாயம் வெச்சிருப்பாரு!"

புருஷனைப் பிடித்தே ஆக வேண்டும். அவர் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். செல் சுவிட்ச் ஆஃப். ஸ்கூல் ஆபீஸுக்குப் போட்டாள்.

"சார் பரீட்சை ஹால்ல இருக்காருங்க. கூப்பிட முடியாது."

"நான் இன்ஸ்பெக்டர் பேசறேன்!"

"அவர் வீட்டம்மாதானே? வீட்டு விஷயமெல்லாம் பரீட்சை முடிஞ்சப்புறம் பேசுங்கம்மா."

டொக்!

கொலைகாரனைக்கூட வீடு புகுந்து இழுத்து வந்துவிடலாம். ஒரு வாத்தியாரைப் பரீட்சை ஹாலிலிருந்து இழுக்க முடியவில்லை! ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வெயில் தாழ்ந்தது. கோர்ட்டுக்குப் போக வேண்டிய வேன் வாசலில் வந்து நின்றது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, கம்பிகளை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் புருஷன் கூப்பிட்டார்.

"என்னடி, ஆபீஸ்ல சொன்னாங்க… வீட்ல கேஸ் தீந்துடுச்சா?"

"பாஸ்வேர்டு சொல்லுங்க!"

"எதுக்கு?"

"போன் தொலைஞ்சு போச்சு!"

"அடிப்பாவி…! அந்த பில்லு இன்னும் என் சட்டைப் பையிலதாண்டி இருக்கு!"

"ஒருத்தன் ஜெயிலுக்குப் போகப் போறான். பாஸ்வேர்டு!"

"நம்ம கல்யாணத் தேதி. இதைக்கூடவா மறந்துட்டே?"

இன்ஸ்பெக்டர் விழித்தாள். ஏட்டு கூரையைப் பார்த்தார்.

"…நீங்களே சொல்லிடுங்களேன்."

மனிதர் பெருமூச்சு விட்டுச் சொன்னார். அவர் போனிலும் 'திறப்பது உங்களுக்குத் தெரிந்தவரா?' என்று ஒரு கேள்வி வந்தது. 'ஆமாம்' என்று அமுக்கினார். கம்ப்யூட்டரில் கதவு திறந்தது!

திரையில் மேப் விரிந்தது. ஒரு பச்சைப் புள்ளி துடித்தது.

பெண் கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"மேடம்… இங்கேதான் காட்டுது."

"எங்கேடி?"

"இங்கேயே. நம்ம ஸ்டேஷன்லயே."

இன்ஸ்பெக்டரின் பார்வை ஒவ்வொரு காக்கிச்சட்டையாக மேய்ந்தது.

"எவன்யா எடுத்தது…?"

"ஐயோ மேடம், எங்களைப் போய்…"

மேஜை டிராயர்கள் கவிழ்ந்தன. ஹெல்மெட்டுகள், சாப்பாட்டுப் பைகள், பாத்ரூம் வாளி, ஒன்றும் பாக்கியில்லை. போனும் இல்லை.

"மேப்பாவது மண்ணாவது! நாம எங்க உக்காந்து தேடறோமோ அதையே காட்டுது சனியன்!"

"மேடம், சார்ஜ் தீரப் போகுதுன்னு வேற காட்டுது…"

வேன் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"சத்தம் எழுப்புன்னு ஒரு பட்டன் இருக்கு மேடம். அமுக்கட்டுமா?"

"அது சைலன்ட்ல இருக்குடி!"

"சைலன்ட்ல இருந்தாலும் இது கத்த வெச்சிடும்."

"அமுக்கித் தொலை!"

அமுக்கினாள்.

ஒரு விநாடி… இரண்டு…

ட்ர்ர்ரிங்ங்ங்…!

எல்லோர் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. இரும்பு பீரோ! ஏட்டு சாவி போட்டுத் திறந்தார். சிவப்பு அரக்கு சீலோடு ஒரு பழுப்புக் கவர், உள்ளுக்குள்ளேயே கிடந்து கதறியது.

"மேடம்… இது… செத்தவரோட போன்…"

"செத்தவர் போன் என் பட்டனுக்கு ஏன்யா கத்துது?"

ஏட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க உள்ள அந்தம்மாவை விசாரிச்சிட்டிருந்தீங்க… நீங்க வெச்சுட்டுப் போனதை நான் கவனிக்கலை, ஆபீஸ் ரூம் மேஜை மேல இருந்துச்சு… உங்க புதுப் போனை நான் எங்க பாத்தேன்? கண்ட பட்டனையும் அமுக்கக் கூடாதுன்னு அப்படியே சீல் வெச்சிட்டேன். சும்மா வைக்கலை மேடம், கேட்டுட்டுத்தான் வெச்சேன். அத்தான் போன்தான்னு அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்டது…"

அவர் விரல் நீண்டது.

வாசல் பெஞ்சிலிருந்து மச்சினன் எழுந்து நின்றிருந்தான்.

"ஹி… தப்பா நினைக்காதீங்க மேடம். ரெண்டுமே கறுப்பு. துக்கத்துல குழம்பிட்டேன்…"

இருக்கலாம். யாருக்கும் வரக்கூடிய தப்புதான். இன்ஸ்பெக்டர்கூட ஒரு கணம் தலையாட்டிவிட்டாள்.

"ஒரு நிமிஷம் மேடம்!" ஏட்டு முன்னால் வந்தார். "கையில எடுத்ததும் ஸ்கிரீன்ல ஒரு படம் வந்துச்சு. வழுக்கைத் தலை, புஸுபுஸுன்னு மீசை, கூலிங் கிளாஸ். யாருய்யா இதுன்னு கேட்டேன். அத்தானோட பார்ட்னர், வீட்டுக்கு அடிக்கடி வருவாருன்னு இவர்தான் சொன்னாரு!"

இன்ஸ்பெக்டர் மேஜையில் ஓங்கி அடித்தாள்.

"அது என் புருஷன்யா…!"

மச்சினனின் கர்ச்சீப் கீழே விழுந்தது.

"போன் மாறிப்போறது குழப்பம். முன்னப்பின்ன பாக்காத ஆளைப் பார்ட்னர்னு சொன்னது?" இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு அடியாக நெருங்கினாள். "செத்தவர் போன் கிடைச்சிடுச்சுன்னு நாங்க நம்பணும். தேடறதை நிறுத்தணும். அதுக்குத்தானே? நிஜப் போன் எங்கே இருக்குன்னு தெரிஞ்சவன்தான்யா இப்படிப் புளுகுவான்!"

அவன் வாசலை நோக்கிப் பாய்ந்தான்.

பெண் கான்ஸ்டபிள் உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை நீட்டினாள். தடால்!

"சொல்லிடறேன்… அடிக்காதீங்க! குடோன்ல, மரத்தூள் மூட்டைக்குள்ள இருக்கு. தேக்குன்னு சொல்லி மட்ட மரத்தை வித்தேன். அத்தான் அதைப் போட்டோ எடுத்து வெச்சிட்டாரு. அக்காகிட்ட காட்டிடுவேன்னாரு… புடுங்கப் போனேன், குடுக்கலை… நாற்காலிக் கட்டை கைல கிடைச்சுது…"

சற்று நேரத்தில் மரத்தூள் மூட்டைக்குள்ளிருந்து அந்தப் போனும் வந்து சேர்ந்தது.

லாக்கப் பூட்டு திறந்தது. டிரைவர் வெளியே வந்தான்.

"வேன்ல ஏறுய்யா. மாஜிஸ்திரேட்டுக்கு வீடியோவைக் காட்டிட்டு, அப்படியே பொண்டாட்டியைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ."

அவன் கையெடுத்துக் கும்பிட்டு அழுதான். இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கவரை எடுக்கக் கை நீட்டினாள்.

ஏட்டு கவரைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தொடாதீங்க மேடம்! சீல் வெச்சாச்சு. மாஜிஸ்திரேட் முன்னாலதான் உடைக்கணும். பொய்யா அடையாளம் காட்டினதுக்கு இதான் ஆதாரம். கேஸ் முடியற வரைக்கும் கோர்ட்டுலதான் இருக்கும்."

"யோவ்… அது என் போன்யா!"

"தெரியும் மேடம். அதான் கஷ்டமா இருக்கு."

லேண்ட்லைன் மறுபடி அலறியது. புருஷன்!

"என்னடி, போன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஆனா கைக்கு வராது. கோர்ட்டுக்குப் போகுது."

"ஐயையோ! அதுல என் போட்டோ இருக்கேடி!"

"பயப்படாதீங்க…" இன்ஸ்பெக்டர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "இந்தக் கேஸ்ல முக்கியமான சாட்சியே உங்க வழுக்கைதான்!"