வராதே, ட்ரெய்னர்!

போன் அலறியது.

ரெஜினா எடுத்தாள். மறுமுனையில் ஃபிட்னஸ் ட்ரெய்னர் டிக்சன். 

“மேடம், நான் வரலைங்க.”

“வெள்ளனே வந்துடுறேன்னு நேத்துதான சொன்னீங்க?”

“சொன்னேன். காலையில ஒருத்தன் போன் பண்ணினான். உங்க வீட்டுல கால் வச்சா, வத்தலக்குண்டு ரோட்டுப் பள்ளத்துல பொணமாக் கெடப்பேங்கிறான். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு மேடம்.”

டொக்.

கொடைக்கானல் குளிரிலும் ரெஜினாவுக்கு வியர்த்தது. நேற்று பிரசாந்த். இன்று டிக்சன். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஆள் தேடினால், கிடைத்த ஆளெல்லாம் தெறித்து ஓடுகிறார்கள்...

யார் அவன்? அவனுக்கு என்ன வேண்டும்?

அவளுக்கு வேண்டியது கணவன் ஆரோக்கியதாஸின் உயிர். ஏரிப் பக்கம் சாக்லேட் கடை வைத்திருக்கும் மனிதர். விற்றது பாதி, தின்றது பாதி. ஒருமுறை நெஞ்சுவலி வந்து போய்விட்டது. “உடம்பை அசைக்கலேன்னா அடுத்த தடவை என்கிட்ட வராதீங்க, நேரா ஃபாதர்கிட்ட போயிடுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆரோக்கியதாஸ் சோபாவில் கம்பளிக்குள் இருந்தார்.

“விட்டுத் தள்ளு ரெஜினா. உசுருக்கே ஆபத்துன்னா எக்சர்சைஸ் எதுக்கு?”

“போலீசுக்குப் போவோங்க.”

“போலீசா... அவங்களுக்கு ஆயிரம் சோலி.”

காலிங் பெல் அடித்தது.

ரெஜினா கதவுச் சங்கிலியை எடுக்காமல் எட்டிப் பார்த்தாள். ட்ராக் சூட்டில் ஒரு பெண்.

“நான் சுபஸ்ரீ. ட்ரெய்னர். வரச் சொல்லியிருந்தீங்களே?”

“உனக்கு... மிரட்டல் எதுவும் வரலையாம்மா?”

“வந்துச்சுங்க. நான் கூக்கால் மலைக்கிராமத்துக்காரி. காட்டுமாடு நிக்கிற பாதையில பள்ளிக்கூடம் போனவ. போனுக்கா பயப்படுவேன்?”

உள்ளே வந்து ஆரோக்கியதாஸின் எதிரே உட்கார்ந்தாள்.

“சாருக்குக் கடைசியா ஈசிஜி எப்ப எடுத்தீங்க? முட்டி வலி உண்டா? என்னென்ன மாத்திரை? மொதல்ல கொஞ்ச நாளைக்கு வெறும் நடைதாங்க. மத்தது அப்புறம்.”

ரெஜினா முடிவு செய்துவிட்டாள். இவள்தான்.

ஆனால் அந்த மிரட்டல்காரன்?

“கால் ரெக்கார்ட் ஆயிருக்குங்க. கேக்குறீங்களா?”

“அது எதுக்கு இப்ப... பொண்ணுக்கு மொதல்ல காப்பி குடு” என்று ஆரோக்கியதாஸ் அவசரமாக எழப் பார்த்தார். கம்பளி விடவில்லை.

சுபஸ்ரீ போனைத் தட்டினாள்.

கரகரத்த ஒரு குரல்.

‘ஏய் புள்ள... அந்த வீட்டுப் பக்கம் வந்தே, உன் வீடு திரும்ப மாட்டே...’

ரெஜினா போன் பக்கம் குனிந்தாள்.

அந்தக் குரலுக்குப் பின்னால், தூரத்தில், இன்னொரு குரல். பெண் குரல்...

‘என்னங்க, பாத்ரூம்ல எம்புட்டு நேரம்? இட்லி ஆறுது.’

அது ரெஜினாவின் குரல்!

அவள் மெல்லத் திரும்பினாள். கம்பளி, ஆரோக்கியதாஸின் தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

“உன் போன்லேர்ந்துதான் நம்பர் எடுத்தேன்” என்றது கம்பளி. “ஓடச் சொல்வாங்களேன்னு பயம் ரெஜினா. ஓடுறப்ப நெஞ்சு நின்னு போச்சுன்னா...”

ரெஜினாவின் கோபம் பாதி இறங்கியது. கம்பளிக்குள் கையை விட்டு அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

சுபஸ்ரீ சிரிப்பை அடக்கினாள். “கொலை மிரட்டல்னா கேசுங்க. ஸ்டேஷனுக்குச் சொல்லவா?”

“வேணாம்மா. அங்க போனா உக்கார வச்சிருவாங்க. நீ இவரை நடக்க வை” என்றாள் ரெஜினா.